மேற்கே மின்னினால், கையில் மூன்று மணி நேரம்

கோடை இடி மழைக்குக் காஞ்சிபுரம் தயாராவது எப்படி?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக்குள் நுழைந்தால் கூடத்திலேயே தறி நிற்கும். தறிக்குக் கீழே தரையில் ஒரு குழி. நெய்கிறவர் அதன் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு காலையும் உள்ளே இறக்கி, மிதிப்பலகையை மாற்றி மாற்றி மிதிப்பார். மேலே நாடா ஓட ஓடப் புடவை வளரும். வீட்டிலேயே தாழ்வான இடம் அந்தக் குழிதான். தெருவில் தண்ணீர் ஏறினால் முதலில் நிறைவதும் அதுதான். குழி நிறைந்த வீட்டில் அன்றைக்கு வேலை இல்லை, கூலியும் இல்லை.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இந்த ஊர் ஓரளவு தயாராகிவிடும். கலெக்டர் ஆபீசில் ஆய்வுக் கூட்டம் நடக்கும், கால்வாய் தூர்வாருவார்கள், மணல் மூட்டை அடுக்குவார்கள். சித்திரையில் தொடங்கி ஆவணி, புரட்டாசி வரை சாயங்காலத்திலும் நள்ளிரவிலும் திடுமென்று கொட்டுகிற இடி மழைக்கு அப்படி ஒரு ஏற்பாடும் கிடையாது. "கோடை மழைதானே, சூடு தணியட்டும்" என்று விட்டுவிடுகிறோம்.

அந்த மழை எவ்வளவு கொட்டக்கூடும் என்பதற்கு 2023 ஜூன் சாட்சி. கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஜூன் 18 இரவு தொடங்கிய இடி மழை விடிய விடியக் கொட்டியது. 19-ஆம் தேதி காலை அளவெடுத்தபோது சென்னை மீனம்பாக்கத்தில் 16 செ.மீ. பதிவாகியிருந்தது. சென்னை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர், ராணிப்பேட்டை, வேலூர் என ஆறு மாவட்டங்களில் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். அதற்கும் முன்னால், 1996 ஜூன் 14 அன்று நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 35 செ.மீ. பெய்தது. வடகிழக்குப் பருவமழையின் உச்சத்திலும் அடிக்கடி காணாத அளவு அது.

காஞ்சிபுரத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் வந்துவிடுகிறது. அதில் பெரும்பகுதி மாலை, இரவு இடி மழைதான். ஆகவே இதை எதிர்பாராத விருந்தாளியாகவே வைத்துப் பார்ப்பது சரியில்லை. எந்த நாள் பெய்யும் என்று ஒரு மாதம் முன்னால் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மழை ஊருக்குள் நுழைவதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு இன்று சொல்ல முடியும். அந்த மூன்று மணி நேரம் தறிக்குழிக்கும் நெற்களத்துக்கும் திருவிழாக் கூட்டத்துக்கும் போய்ச் சேர்கிறதா என்பதே கேள்வி.

மழை வரும் பாதை

காஞ்சிபுரம் கடலிலிருந்து நேர்கோட்டில் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. மேற்கே போகப் போக வேலூர், திருப்பத்தூர். அவற்றைச் சுற்றி ஜவ்வாது மலை, ஏலகிரி, வடமேற்கே சித்தூர்ப் பக்கத்துக் கிழக்குத் தொடர்ச்சி மலைகள். இந்த இருப்பிடம்தான் ஊரின் கோடை வானிலையைத் தீர்மானிக்கிறது.

காலை பத்து மணியிலிருந்து தரை காய்கிறது. உலையில் கொதிக்கும் தண்ணீர் அடியிலிருந்து மேலே எழும்புவதுபோல, தரையை ஒட்டிய சூடான காற்று மேலே எழும்புகிறது. வானிலை அறிக்கைகளில் வரும் 'வெப்பச்சலனம்' இதுதான். ஆனால் சூடு மட்டும் இருந்தால் மழை வந்துவிடாது. அப்படி வருமென்றால் கத்திரி வெயிலில் நாள் தவறாமல் பெய்ய வேண்டும். எழும்பும் காற்றில் ஈரம் வேண்டும். அதை இன்னும் உயரத் தள்ளிவிட ஏதாவது ஒரு விசையும் வேண்டும்.

ஈரத்தைக் கொண்டுவருவது கடல்காற்று. கரையில் பகல் பொழுதில் எழும் காற்று மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்து, சாயங்காலம் காஞ்சிப் பக்கம் வந்து சேர்கிறது. அதே நேரத்தில் மேற்கிலிருந்து வறண்ட தரைக்காற்று எதிரே வீசுகிறது. இரண்டும் மோதுகிற இடத்தில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. அங்கேதான் கருமேகம் திரள்கிறது. வளர்ந்த ஓர் இடிமேகம் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் உயரம் வரை போகும்.

ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று நிலைபெற்றதும் இன்னொன்று சேர்கிறது. வளிமண்டலத்தின் நடு அடுக்கில் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசத் தொடங்குகிறது. பிற்பகலில் மலைகளை ஒட்டி உருவான மேகங்களை இந்தக் காற்று கிழக்கே தள்ளிக்கொண்டு வருகிறது. வேலூர், ஆற்காடு, ராணிப்பேட்டை, காஞ்சிபுரம், கடைசியில் சென்னை. தென்மேற்கே செய்யாறு பக்கம் உருவானாலும் இதே கதைதான். வேலூருக்கும் காஞ்சிக்கும் இடையே எழுபது கிலோமீட்டர் போல. மேகக் கூட்டம் மணிக்கு முப்பது கிலோமீட்டர் நகர்ந்தால் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும். மேற்கே இருட்டினால் துணியை எடுத்து உள்ளே போடு என்று நம் பாட்டிமார் சொன்னதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுவே.

'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான் காஞ்சிபுரம், திருவள்ளூர், சென்னை, செங்கல்பட்டு ஆகிய நான்கையும் 'கேடிசிசி' என்று ஒரே பகுதியாகவே எழுதிவருகிறார். நான்கு மாவட்டங்களின் கோடை மழைக்கும் பிறப்பிடமும் பாதையும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதால் அப்படிச் சேர்த்துப் பார்ப்பதில் பொருள் இருக்கிறது. அந்த வரிசையில் மேற்கே இருக்கும் காஞ்சிக்கு மழை முன்னதாக வரும். எச்சரிக்கைக்குக் கிடைக்கும் நேரமும் சென்னையைவிடக் குறைவு.

எந்த மாதத்தில் என்ன எதிர்பார்க்கலாம்?

மார்ச்சில் காஞ்சிக்கு மழை அபூர்வம். ஏப்ரலில் மாங்காய் மழை மேற்கு, உள் மாவட்டங்களில் தொடங்கினாலும் இங்கே வந்து சேர்வது குறைவு. மே முதல் வாரத்தில் கத்திரி பிறக்கிறது. கடல்காற்று சீக்கிரம் நுழையும் நாட்களில் வெயில் கொஞ்சம் அடங்கும். தாமதமாகும் நாட்களில் மேற்கின் அனல் கரை வரைக்கும் போய்விடும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது அப்படிப்பட்ட அனலில்தான்.

மே மாதத்துக்கு இன்னொரு முகம் வங்கக்கடல் புயல். 2016 மே மூன்றாம் வாரத்தில் ரோவானு புயலாக வலுப்பெற்ற சின்னம் வட தமிழகக் கடலோரத்தை ஒட்டிப் போனபோது கத்திரியின் நடுவில் கனமழை கொட்டியது. அப்படியொரு புயல் தொலைவில் வேறு திசையில் போனால் ஈரத்தை இழுத்துக்கொண்டு நம்மை வறட்டிவிடும். மே மாதச் சின்னம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைக் கவனித்தாலே அடுத்த வாரம் குளிருமா, காயுமா என்று பாதி தெரிந்துவிடும்.

ஜூன் 1-ஐ ஒட்டிக் கேரளத்தில் பருவமழை தொடங்குவது வழக்கம். அதன் பிறகு நமக்கு இரவு இடி மழைக் காலம். ஜூன், ஜூலையில் விட்டு விட்டு வரும். ஆகஸ்ட், செப்டம்பரில் அடுத்தடுத்த இரவுகளில் வரும். பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் வலுவாக இருக்கும்போது இங்கே மேகம் வேகமாகக் கடந்துபோய்விடும். அது சற்றுத் தளரும் நாட்களில்தான் நமக்கு நல்ல இடி மழை. கேரளத்திலும் கர்நாடகக் கடலோரத்திலும் மழை ஓய்ந்தது என்று செய்தி வந்தால், காஞ்சிக்காரர்கள் மேற்கைப் பார்க்க ஆரம்பிக்கலாம்.

பூமி சூடாகி வருவதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். மழை பெய்யும் நேரத்தில் அது ஒரே மூச்சில் இறங்கும். 2025 ஆகஸ்ட் 30 இரவு வடசென்னை மணலியில் 27 செ.மீ. பெய்தது, அதே இரவில் சென்னையின் மற்ற பகுதிகள் பலவற்றில் அதில் பாதிகூட இல்லை. சிறிய இடத்தில், குறைந்த நேரத்தில், பெரிய மழை. வரும் ஆண்டுகளில் நாம் பழக வேண்டியது இந்த வகை மழைக்குத்தான்.

அறிக்கையைப் படிக்கும் விதம்

"மழை வரும் என்றார்கள், ஒரு சொட்டு விழவில்லை" என்ற குறை நம் டீக்கடைகளில் தினமும் கேட்கும். அறிக்கையில் உள்ள சொற்களுக்கு வானிலைத் துறை வைத்திருக்கும் அளவு தெரிந்தால் இந்தக் குறை பாதியாகும்.

'ஓரிரு இடங்களில்' என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை மழை பதிவாகலாம். 'ஒருசில இடங்களில்' என்றால் காலிலிருந்து பாதி வரை. 'பல இடங்களில்' என்றால் பாதியிலிருந்து முக்கால். 'பெரும்பாலான இடங்களில்' என்றால் முக்காலுக்கு மேல். கோடையில் நாம் கேட்பது பெரும்பாலும் முதல் இரண்டும்தான். 'ஓரிரு இடங்களில் கனமழை' என்ற அறிவிப்பு வந்த நாளில் உத்திரமேரூரில் கொட்டி, காஞ்சியில் காய்ந்தால் அறிவிப்பு பொய்த்ததாகாது.

அளவுக்கும் வரையறை உண்டு. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, 21-க்கு மேல் அதி கனமழை. இந்த 24 மணி நேரம் காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரை. கோடை இடி மழையில் சிக்கல் என்னவென்றால் 7 செ.மீ. மழை நாள் முழுக்கப் பெய்யாது. ஒன்றரை மணி நேரத்தில் கொட்டி முடித்துவிடும். ஒரு சதுர கிலோமீட்டரில் 5 செ.மீ. பெய்தாலே 5 கோடி லிட்டர் தண்ணீர். நிதானமாகப் பெய்தால் வடிந்துவிடும் அளவு, ஒரே மூச்சில் இறங்கினால் தெருவில் முழங்கால் வரை நிற்கும். எச்சரிக்கை நிறத்துக்கும் பொருள் உண்டு. மஞ்சள் என்றால் கவனித்திருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள். அளவு 'கனமழை' என்று மட்டுமே இருந்தாலும் இடி மழை நாளில் அலட்சியம் வேண்டாம்.

எல்லாவற்றிலும் பயனுள்ள அறிவிப்பு டிவியின் அடியில் ஓடிப்போகும் அந்த ஒரு வரி: 'அடுத்த மூன்று மணி நேரத்தில் இடி மின்னலுடன் மழைக்கு வாய்ப்புள்ள மாவட்டங்கள்'. அது கணினி மாதிரியை மட்டும் வைத்துச் சொல்வதில்லை. மேகத்தை நேரடியாகப் பார்த்துச் சொல்வது. சென்னைத் துறைமுகத்தில் 2002-ல் அமைந்த டாப்ளர் ரேடார், பள்ளிக்கரணையில் 2022-ல் வந்த எக்ஸ்-பேண்ட் ரேடார், ஸ்ரீஹரிகோட்டாவின் ரேடார் மூன்றுமே காஞ்சியின் வானத்தைப் பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன. ரேடார் படங்களை வானிலைத் துறையின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். சில நிமிட இடைவெளியில் வந்த இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பாருங்கள். சிவப்புத் திட்டு ராணிப்பேட்டையிலிருந்து கிழக்கே நகர்ந்திருந்தால், பெருத்தும் இருந்தால், நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

2025 மே மாதம் அறிமுகமான 'பாரத் முன்னறிவிப்பு அமைப்பு' ஆறு கிலோமீட்டர் கட்டம் வரை கணிக்கிறது. இது பெரிய முன்னேற்றம். ஆனாலும் தனி இடிமேகம் ஒன்றின் அகலமே சில கிலோமீட்டர்தான், ஆயுளும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். ஆகவே எந்தத் தெருவில் விழும் என்பதை ரேடாரைப் பார்த்து, கடைசி மூன்று மணி நேரத்தில்தான் சொல்ல முடியும்.

தறியில் ஈரம் ஏறினால்

பட்டு ஈரத்தை உறிஞ்சும் நூல். தொட்டால் காய்ந்ததுபோலவே இருந்தாலும் உள்ளே ஈரம் ஏறியிருக்கும். ஈரம் ஏறிய பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய இழைகள், தளர்ந்து தொய்யும். தொய்ந்த பாவில் நாடாவை ஓட்டினால் இழை அறும்; அறுந்த இழையை ஒவ்வொன்றாகத் தேடி முடிய வேண்டும். ஜக்கார்டில் டிசைன் அட்டைகள் ஈரத்தில் ஊறினால் துளை விலகி, கரையில் மயிலின் கழுத்து ஒரு இழை தள்ளி விழும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று மூன்று நாடா கொண்டு கோர்வை போடுகிற புடவையில் இந்தத் தவறு கண்ணை உறுத்தும். வெள்ளி இழையில் பொன்முலாம் பூசிய ஜரிகைக்கும் ஈரக்காற்று ஆகாது. நாளாக நாளாகக் கறுக்கும்.

இன்னும் பெரிய இழப்பு தெருவில் நடக்கும். பாவு ஆற்றுவது விடிகாலை வேலை. தெருவின் நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இழை இழையாகப் பிரித்து, வெயில் ஏறுவதற்குள் உலர்த்தி எடுக்க வேண்டும். நாலைந்து பேர் கைசேர்க்க வேண்டிய வேலை. முந்தின இரவு மழை பெய்தால் தெரு சேறாகிவிடும், வேலை தள்ளிப்போகும். பாவு விரித்திருக்கும்போதே தூறல் விழுந்தால் கஞ்சி கரைந்து இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு பாவில் வழக்கமாக மூன்று புடவை. பாவு கெட்டால் மூன்று புடவையின் உழைப்பும் கெடும்.

இதில் காலண்டரும் சேர்ந்து நெருக்குகிறது. ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆவணி பிறந்ததும் முகூர்த்தம் தொடங்கிவிடும். அந்த முகூர்த்தப் புடவைகள் தறியில் ஏறுவது ஆனி, ஆடியில். இரவு இடி மழையும் அந்த மாதங்களில்தான் வலுக்கத் தொடங்குகிறது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கித் தந்து, அதன் பெயரை உலகம் முழுக்கக் காப்பாற்றுகிறோம். அதை நெய்கிற குடும்பத்தின் கூலி, மழை பெய்த நாளில் தானாகவே நின்றுபோகிறது. புடவைக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு ஒரு வாரத் தடை என்பது ஒரு வார வருமானம்.

களத்தில் குவிந்த நெல்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் நவரைப் பட்டம் பெரிது. மார்கழி, தையில் நட்டது சித்திரை, வைகாசியில் அறுவடைக்கு வரும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் விவசாயிகள் நெல்லைக் கொட்டி முறைக்குக் காத்திருக்கும் நேரமும் இதுதான். கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு மணி நேர மழையில் நனைந்த குவியல் அந்த எல்லையைத் தாண்டிவிடும். மறுபடி காயவைக்க வேண்டும். இரண்டாம் மழை வந்தால் முளைவிடும். அடுத்து வரும் சொர்ணவாரிப் பட்டத்துக் கதிர், ஆகஸ்ட், செப்டம்பரில் முற்றும்போது இடி மழையோடு வரும் சூறைக்காற்றில் சாய்கிறது.

தார்ப்பாய் போட்டு மூட அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி முன்கூட்டிக் கிடைத்தால் நெல் பிழைக்கும். கொள்முதல் நிலையத்துக்கு ஒரு எச்சரிக்கை அழைப்பு போவதன் மதிப்பு இதுவே.

திருவிழாவும் மின்னலும்

வரதராஜப் பெருமாள் கோயில் பிரம்மோற்சவம் வைகாசியில். கருட சேவை அன்று விடிகாலையிலேயே லட்சக்கணக்கானோர் ராஜவீதிகளில் நிற்பார்கள். சித்ரா பௌர்ணமி அன்று வரதர் அய்யங்கார்குளத்து நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளுகிறார். கிணற்றுக்குள் படியிறங்கிப் போகும் உற்சவம் அது. இரண்டும் நடப்பது இடி மழைக்கு வாய்ப்புள்ள மாதங்களில். பெரிய குடைகள், இரும்புக் கம்பத்தில் சீரியல் விளக்கு, அவசரமாகப் போட்ட பந்தல், ஒதுங்க இடமில்லாத கூட்டம். மழைக்கு முன்னால் வரும் முதல் சூறைக்காற்றே பந்தலைச் சாய்க்கப் போதுமானது. இடிமேகத்திலிருந்து குளிர்ந்த காற்று தரைக்கு இறங்கி நாலாபுறமும் சீறுவதால் வருவது அது. முகத்தில் சில்லென்று புழுதிக்காற்று அடித்தால் மழை சில நிமிடத்தில் வந்துவிடும்.

மின்னல் இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொல்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-ல் மட்டும் 2,887 பேர். பெரும்பாலும் வயலில் வேலை செய்கிறவர்கள், மரத்தடியில் ஒதுங்கியவர்கள். மின்னலைப் பார்த்ததிலிருந்து இடி கேட்கும் வரை நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் அது எத்தனை கிலோமீட்டரில் விழுந்தது என்று தெரியும். முப்பது நொடிக்குள் கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. உடனே கட்டடத்துக்குள்ளோ, கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை வெளியே வரக் கூடாது. புளியமரம், பனைமரம், தகரக் கொட்டகை எதுவும் காக்காது. மோட்டார் பொருத்திய ஜக்கார்டு இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

கோபுரக் கலசமே இடிதாங்கி, பக்கத்தில் நின்றால் பயமில்லை என்று வாட்ஸ்அப்பில் பரவும் தகவலை நம்பி யாரும் கோபுரத்தடியில் நிற்க வேண்டாம். உயரமான எதையும் மின்னல் தேடி வரும். ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் 1509-ல் கிருஷ்ணதேவராயர் கட்டியது, ஊரிலேயே ஓங்கி நிற்பது. இப்படிப்பட்ட கோபுரங்களைக் காப்பது உச்சியிலிருந்து மண்ணுக்குள் வரை அறுபடாமல் இறங்கும் உலோகப் பட்டைதான். அது ஒவ்வொரு கோடைக்கு முன்பும் சோதிக்கப்பட வேண்டும்.

மழைக்காக ஊர்வலத்தை நிறுத்துவது மரபுக்கு விரோதமாகாது. வழிநெடுக மண்டபங்களில் சுவாமி நின்று போவது காஞ்சியின் வழக்கம். கருட சேவைக்குக் கங்கைகொண்டான் மண்டபம் இருக்கிறது. மின்னல் இருபது கிலோமீட்டருக்குள் வந்தால் அடுத்த மண்டபத்தில் நிறுத்துவது, கூட்டத்தை எந்தெந்தக் கட்டடங்களுக்கு அனுப்புவது என்று முன்கூட்டியே முடிவுசெய்து வைத்தால் போதும். புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் தந்திருக்கும் 'தாமினி' செயலி இருபது, நாற்பது கிலோமீட்டர் சுற்றளவில் விழும் மின்னலைக் காட்டுகிறது. விழாக் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவே.

தண்ணீர் போக வழி

வெள்ளம் இந்த ஊரின் நினைவிலேயே இருக்கிறது. கம்பை ஆற்றில் வெள்ளம் பெருகி வந்தபோது, மணலால் பிடித்த லிங்கத்தை அம்பாள் கட்டியணைத்துக் காத்தாள் என்பது ஏகாம்பரநாதர் தலபுராணம். பிரம்மாவின் யாகத்தை அழிக்கச் சரஸ்வதி வேகவதியாகப் பெருக்கெடுத்து வந்தபோது பெருமாள் குறுக்கே அணையாகப் படுத்தார் என்பது திருவெஃகா சொன்னவண்ணம் செய்த பெருமாள் கோயிலின் கதை. ஊரின் இரண்டு பெரிய கதைகளிலும் ஆறுதான் பெருக்கெடுத்து வருகிறது.

அந்த வேகவதி இன்று ஒடுங்கிக் கிடக்கிறது. கரையில் வீடு கட்டி வாழ்ந்த குடும்பங்களுக்குக் கீழ்க்கதிர்ப்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுப்பியாகிவிட்டது. ஆற்றுக்கு அதன் அகலத்தைத் திருப்பித் தரும் வேலை முழுமையாக முடிய வேண்டும். ஊருக்குள் மழைநீரைச் சுமக்க வேண்டிய மஞ்சள் நீர் கால்வாய் சாக்கடையையும் சேர்த்துச் சுமக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் 7 செ.மீ. பெய்தால், ஏற்கெனவே பாதி நிறைந்திருக்கும் கால்வாய் எப்படித் தாங்கும்? எதிர்த்து ஏறுகிற அந்தத் தண்ணீர்தான் தறிக்குழிக்குள் இறங்குகிறது.

இந்தத் தண்ணீர் வீணாகிறது என்பதும் சேர்த்து வருந்த வேண்டிய விஷயம். ஆயிரம் சதுர அடி மாடியில் 5 செ.மீ. மழை என்றால் 4,600 லிட்டருக்கு மேல். ஏரி மாவட்டம் என்று பெயரெடுத்த இங்கே தென்னேரி, உத்திரமேரூர், ஸ்ரீபெரும்புதூர் என நூற்றுக்கணக்கான ஏரிகள் கோடையில் காய்ந்து கிடக்கும். வரத்துக்கால்வாய் திறந்திருந்தால் ஆவணி, புரட்டாசி இடி மழையே அவற்றுக்கு முதல் தண்ணீர். உத்திரமேரூர்க் கல்வெட்டில் 919, 921-ஆம் ஆண்டுகளிலேயே, முதலாம் பராந்தகன் காலத்தில், ஏரியைக் கவனிக்கத் தனி வாரியம் தேர்ந்தெடுக்கும் விதி இருக்கிறது. ஏரியும் கால்வாயும் ஊரார் பொறுப்பு என்று சட்டம் எழுதி வைத்த மண் இது.

செய்ய வேண்டியவை

இவற்றுக்கு ஆயிரம் கோடித் திட்டம் தேவையில்லை.

மூன்று மணி நேர அறிவிப்பில் காஞ்சிபுரத்தின் பெயர் வந்தவுடன் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும், நெல் கொள்முதல் நிலையங்களுக்கும், கோயில் நிர்வாகங்களுக்கும் தானியங்கிக் குரல் அழைப்பு போக வேண்டும். எஸ்எம்எஸ் போதாது, தறியில் இருப்பவர் கையில் செல்போன் இருக்காது. சங்கத்திலிருந்து தெருவுக்கு ஒருவர் பொறுப்பேற்றால், நடுச்சாமமானாலும் பத்து நிமிடத்தில் செய்தி கடைசித் தறி வரை போய்ச் சேரும்.

குழிக்குச் சிமென்ட் பூசி, விளிம்பை ஒரு அடி உயர்த்த ஆகும் செலவை நெசவாளர் நலத் திட்டங்களில் சேர்க்க வேண்டும். நெசவுத் தெருக்களுக்குப் பொதுவாகக் கூரை போட்ட நீளக் கூடம் ஒன்று இருந்தால் பாவு ஆற்றும் வேலை வானத்தை நம்பி நிற்காது. மழையால் தறி நின்ற நாட்களுக்கு நிவாரணம் தருவதை அரசு கொள்கையாக்க வேண்டும். மீன்பிடித் தடைக்கால நிவாரணம் கடலோரத்தில் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறதே.

மஞ்சள் நீர் கால்வாய், வேகவதி, ஏரி வரத்துக்கால்வாய்களைத் தூர்வாரும் வேலை செப்டம்பரில் தொடங்கினால் அதற்குள் பாதி இடி மழை பெய்து முடிந்திருக்கும். அது மே மாத இறுதிக்குள் முடிய வேண்டும். மாநகராட்சியின் மழைக்கால ஆய்வுக் கூட்டத்தை அக்டோபருக்கு முன் என்று வைக்காமல், கத்திரி முடிவதற்கு முன் வைக்க வேண்டும்.

நாமும் செய்ய வேண்டியது இருக்கிறது. மாடியின் மழைநீர்க் குழாயில் அடைத்த சருகை அள்ளுவது, வாசல் சாக்கடையில் பிளாஸ்டிக் பையைப் போடாமல் இருப்பது, தெருவில் தனியாக இருக்கும் முதியவர் வீட்டுக்கு ஒரு குரல் கொடுப்பது. அவசர உதவிக்கு மாவட்டத்தில் 1077, மாநிலத்தில் 1070. இரண்டு எண்களையும் சுவரில் எழுதி வையுங்கள்.

வேலூரில் இடிக்கும்போதே காஞ்சியில் தகவல் தெரிந்துவிடுகிற காலத்தில் இருக்கிறோம். ரேடார் இருக்கிறது, அதைப் படிக்கத் தெரிந்த விஞ்ஞானிகள் இருக்கிறார்கள், அறிவிப்பும் வருகிறது. அதைத் தறி வரை, களம் வரை, தேரடி வரை கொண்டுசேர்க்கும் கடைசி ஆள் மட்டும் இன்னும் நியமிக்கப்படவில்லை. இந்தக் கோடை முடிவதற்குள் அந்த ஆளை நியமிக்கச் சொல்லி மாநகராட்சியையும் மாவட்ட நிர்வாகத்தையும் கேட்பது நம் உரிமை. ஒவ்வொரு வார்டிலும் அந்தப் பொறுப்பை ஏற்க ஒருவர் முன்வருவது நம் கடமை.